ஆவாரம்பூவை விற்கலாம், ஆவாரஞ்செடியை விற்கலாமா?

(தருமபுரி மாவட்டத்திலிருந்து வந்த கூட்டமைப்பு நிர்வாகிகள், ஊக்குநர்கள், பிரதிநிதிகளுக்குத் திருவல்லிக்கேணியில் நடந்த சந்தைப் பயிற்சியில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் குழுக் கூட்டத்தில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டவும்.)



ராத்திரி பஸ்ல வந்த களைப்பு எல்லார் முகத்திலும் தெரியுது. காலையில் பார்த்தசாரதி கோயில் தெருவையும் கடற்கரையையும் பார்த்துட்டு வந்தாச்சு. டீயும் குடிச்சாச்சு. இனிமே வேலைக்கு வருவோம்.

நேத்து சாயங்காலம் உங்களை மூணு மூணு பேரா பிரிச்சு, பெரிய தெரு, பைகிராப்ட்ஸ் ரோடு, ஜாம்பஜார் பக்கமெல்லாம் அனுப்பினோம். நாட்டு மருந்துக் கடைகளில் ஆவாரம்பூ என்ன விலை, எப்படி பாக்கெட் போட்டிருக்காங்க, யார் தயாரிச்சதுன்னு பார்த்து எழுதிட்டு வரச் சொன்னோம். வந்ததும் பென்னாகரம் பக்கத்து அக்கா ஒருத்தங்க சொன்னாங்க, "ஏம்மா, நம்ம ஊர்ல ஆடு கூட திரும்பிப் பார்க்காத செடி, இங்க கண்ணாடி டப்பாவுல உட்கார்ந்திருக்கு" என்று. எல்லாரும் சிரிச்சீங்க. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இன்னைக்கு நாம பேச வேண்டிய விஷயமே அதுதான்.

உங்களுக்குத் தெரியும், போன மாசம் ஒரு வியாபாரி நம் கூட்டமைப்புக்கு வந்தார். காய்ந்த ஆவாரம்பூ எடுத்துக்கறேன், பட்டையும் வேரும் கூட எடுத்துக்கறேன், எவ்வளவு கொடுத்தாலும் சரி, கையில் காசு என்றார். அடுத்த மாதக் கூட்டத்தில் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பூவுக்கு ஒரு பதில், பட்டைக்கும் வேருக்கும் ஒரு பதில் என்று தனித்தனியாகச் சொல்லணும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்றேன், கேட்டுட்டு நீங்க முடிவு பண்ணுங்க.

முதல்ல செடியைப் பற்றி. நம்ம கரடு, புறம்போக்கு, ஏரிக்கரை, ரோட்டோரம் எல்லாத்திலும் தண்ணி ஊத்தாமல், எரு போடாமல், யாரும் நடாமல் வளர்வது ஆவாரை. ஓராள் உயரம், சில இடத்தில் அதற்கு மேலும் வளரும். அவரை, துவரை, கடலை, புளி, கொன்றை, வேலமரம் இவங்க எல்லாம் ஒரு பெரிய குடும்பம். ஆவாரையும் அந்தக் குடும்பத்துப் பொண்ணுதான். காயைப் பார்த்தாலே தெரியும், அவரைக்காய் மாதிரி தட்டையாக இருக்கும், ஆனால் காகிதம் போல மெலிசு. உள்ளே பத்துப் பதினைஞ்சு விதை. ஒரு வித்தியாசம் சொல்றேன். கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் குட்டிக் குட்டி முடிச்சு இருக்கும், அது காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடிச்சு மண்ணுக்குக் கொடுக்கும். ஆவாரைக்கு அந்த முடிச்சு கிடையாது. ஆனால் வேர் ஆழமாக இறங்கி சரிவு மண்ணைப் பிடிச்சு நிறுத்தும். இலை உதிர்ந்து மக்கினால் மண்ணுக்கு உரம். காடு கழனிக்குத் தழை உரமாக ஆவாரந்தழை வெட்டிப் போட்ட பாட்டிமார் இங்கேயே நாலு பேர் இருக்கீங்க.

இந்தச் செடி பெருமை இல்லாத செடியும் இல்லை. சங்க காலத்துக் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரிசையாகச் சொல்லும் பூக்களில் ஆவிரையும் ஒன்று. காதலித்த பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்றால் பனைமட்டைக் குதிரை ஏறி ஊர் நடுவே வருகிற ஆம்பளை, இந்தப் பூவைத்தான் மாலையாகப் போட்டுக்கொண்டு வருவானாம். நம்ம பக்கத்தில் போகியன்று ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூணையும் சேர்த்து இறவாரத்தில் காப்புக் கட்டுறோம். தெலுங்குக்காரங்க இதைத் தங்கேடு என்பாங்க. தெலங்கானாவில் பதுகம்மா பண்டிகைக்குப் பெண்கள் பூக்களை அடுக்கடுக்காக வைத்துக் கும்பிடும்போது தங்கேடு பூ இல்லாமல் ஆகாது. 2014-ல் அது தனி மாநிலமான பிறகு தங்கேடுதான் மாநிலப் பூ. இலங்கையில் சிங்களவர்கள் ரணவரா என்று சொல்லி இந்தப் பூவில் டீ போட்டுக் குடிப்பாங்க. அங்கே அது கடையில் பாக்கெட்டாகவே கிடைக்கும்.

இப்போ பட்டைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். ஏன்னா, வியாபாரி கேட்டதும் "பட்டைதானே, உரிச்சுக் கொடுத்துட்டுப் போறோம்" என்று நம்மில் பலர் சொன்னாங்க.

ஆவாரம்பட்டையைக் கடிச்சுப் பார்த்திருக்கீங்களா? நாக்கு சுருங்கும். பச்சைப் பாக்கு, வாழைப்பூ, கடுக்காய் கடிச்சா வருமே, அதே துவர்ப்பு. இந்தத் துவர்ப்புச் சத்துக்கு டானின் என்று பேர். ஆவாரம்பட்டையில் இது சுமார் 18 சதவீதம் இருக்கு. ஆட்டுத்தோலை உரிச்சு அப்படியே போட்டால் ரெண்டு நாளில் நாறிப் போகும். பட்டையை இடிச்சு ஊறப்போட்ட தண்ணீரில் அந்தத் தோலை ஊற வைத்தால், துவர்ப்புச் சத்து தோலுக்குள் போய் இறுகப் பிடிச்சுக்கும். அப்புறம் தோல் அழுகாது, செருப்பாகும், பையாகும், கவலைத் தோலாகும். கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் அந்தத் தோல் பைக்கு ஆவாரம்பட்டைதான் உயிர்.

இது ஊர்க் கைத்தொழிலாக மட்டும் நிற்கவில்லை. இங்கிருந்து மூணு நாலு கிலோமீட்டரில் பெரியமேடு இருக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி, பல்லாவரம் என்று எல்லா இடத்துத் தோல் ஷாப்புகளிலும் பதப்படுத்திய தோல் பெரியமேட்டுக்கு வந்துதான் விலை பேசுவாங்க. இங்கே துறைமுகத்தில் கப்பல் ஏறி லண்டனுக்குப் போகும். ஈஸ்ட் இந்தியா தோல், சுருக்கமாக ஈ.ஐ. தோல் என்று வெள்ளைக்காரன் பேர் வைத்தான். அந்தப் பேருக்கு இன்று புவிசார் குறியீடும் இருக்கு. அந்தத் தோலின் மென்மைக்கும் நிறத்துக்கும் முக்கியக் காரணம் ஆவாரம்பட்டை. முதல் உலகப் போர் நடந்த 1914 முதல் 1918 வரையிலான காலத்தில் அவங்க பட்டாளத்துக்கு பூட்ஸ் தைக்க நம்ம சென்னைத் தோலை அரசாங்கமே மொத்தமாக வாங்கியது. யோசிச்சுப் பாருங்க, எங்கேயோ ஐரோப்பாவில் சேற்றில் நடந்த சிப்பாய் காலில் நம்ம கரட்டுச் செடியின் துவர்ப்பு இருந்திருக்கு.

அந்தப் பட்டையை யார் உரிச்சாங்க? மைசூர்ச் சீமையிலும், பழைய சேலம் ஜில்லாவிலும் (நம்ம தருமபுரி 1965 வரைக்கும் சேலத்தோடுதான் இருந்தது), கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் நம்மைப் போலக் கூலிக்குப் போன ஏழை ஜனங்கதான். வளாரை வெட்டி, பட்டையை உரிச்சு, காய வைத்து, கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றி விட்டாங்க. தோல் கப்பல் ஏறியது, சம்பாதித்தவங்க பேரெல்லாம் இந்த ஊரில் பங்களாவாகவும் பள்ளிக்கூடமாகவும் நிற்குது. பட்டை உரிச்சவங்க பேர் ஒரு ஏட்டிலும் இல்லை. யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. மூலப்பொருளை மூட்டையாக விற்கிறவங்க கதை எப்போதும் இப்படித்தான் முடியும் என்பதற்காகச் சொல்றேன்.

அப்புறம் என்ன ஆச்சு? பட்டைக்குத் தட்டுப்பாடு வந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வர ஆரம்பிச்சது. நீலகிரியில் சீகை மரம் என்று சொல்றாங்களே, அதுதான் வாட்டில். அதில் துவர்ப்புச் சத்து இன்னும் அதிகம், சாறாகக் காய்ச்சியும் விற்றாங்க. இன்னொரு பக்கம் குரோம் உப்பு போட்டுப் பதப்படுத்தும் முறை வந்தது. வாரக்கணக்கில் ஆகிற வேலை சில நாளில் முடியும். குரோம்பேட்டை என்ற ஊருக்கே அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்த பேர்தான். ஆவாரம்பட்டை மெல்ல மெல்லப் பின்னால் போச்சு. குரோம் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளை என்ன பண்ணியது என்பது தனிக்கதை, அந்தப் பக்கம் சம்பந்தி வீடு இருக்கிறவங்களுக்குத் தெரியும். 1948-ல் அடையாறில் ஆரம்பித்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கு. குரோமைக் குறைச்சு, மரப்பட்டைச் சத்தை வைத்துப் பதப்படுத்துகிற வழிகளையும் அங்கே ஆராய்ச்சி செய்றாங்க. அதனால் நாளைக்கு ஆவாரம்பட்டைக்குத் திரும்பவும் கிராக்கி வரலாம். வந்தால் நல்லதுதானே என்று கேட்பீங்க.

நேத்து ராத்திரி சாப்பிடும்போது அரூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தங்க என்னிடம் வாதாடினாங்க. "ஏம்மா, வெட்டினா மறுபடி தளிர்க்கும். எங்க மாமியா காலத்துல வெட்டித்தான் வித்தாங்க. செடி செத்தா போச்சு?" அவங்க சொன்னது சரி. ஆவாரை வெட்டினால் தழையும். ஆனால் மூணு விஷயம் மாறிப் போச்சு. அந்தக் காலத்தில் ஏக்கர் ஏக்கராக ஆவாரை இருந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் பாதியைச் சீமைக்கருவேல் பிடிச்சுக்கிச்சு, மீதியில் பிளாட் கல் நட்டாச்சு. இரண்டாவது, அப்போ மேலே இருக்கிற வளாரை வெட்டினாங்க. இப்போ வியாபாரி வேரும் கேட்கிறார். வேரைத் தோண்டினால் தளிர்க்க எதுவும் மிச்சம் இல்லை. மூணாவது, நின்ற செடியிலேயே சுற்றிப் பட்டையை உரிச்சால் அந்தக் கிளை பட்டுப் போகும். ஒரு தடவை பட்டை விற்ற காசுக்கு, அந்தச் செடி வருஷா வருஷம் தரப்போகிற பூவைக் கொடுத்துட்டோம் என்று அர்த்தம். பால் மாட்டைக் கறிக்கு விற்கிற கணக்கு. அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "வேருக்கு நானும் ஒத்துக்க மாட்டேன்" என்றாங்க. பட்டைக்கு இன்னும் அரை மனசுதான். பரவாயில்லை, கூட்டத்தில் பேசுங்க.

சரி, பூவுக்கு வருவோம். பூ பறிக்கிறதுலயும் ஒரு முறை இருக்கு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். பெரிய கருவண்டு வந்து பூவைப் பிடிச்சுக்கிட்டு 'ர்ர்ர்' என்று அதிர வைக்கும், அந்த அதிர்வில் மகரந்தம் கொட்டும். அப்போதான் காய் பிடிக்கும். ஒரு செடியில் இருக்கிற எல்லாப் பூவையும் மொட்டோடு உருவிட்டால் வண்டுக்கும் இல்லை, விதைக்கும் இல்லை. மஞ்சள் வெள்ளையாகக் கூட்டமாகப் பறக்குமே வண்ணத்துப்பூச்சி, அதன் புழுவுக்கு இந்த இலைதான் சாப்பாடு. அதனால் பாதி பறி, பாதி விடு. கிளையை ஒடிக்காமல் பூவை மட்டும் கிள்ளுங்க. பனி காய்ந்த பிறகு பறிங்க, ஈரத்தோடு பறிச்சால் கருத்துப் போகும். தக்காளி, பருத்தி வயலுக்கு ஓரமாக இருக்கிற செடியில் மருந்து பட்டிருக்கும், அது வேண்டாம். தார் ரோட்டோரப் பூவும் வேண்டாம். காய வைக்கிறது நிழலில், சுத்தமான வேட்டியில், தினமும் புரட்டி விடணும். ரோட்டில் கொட்டிக் காய வைத்து, மேலே லாரி டயர் ஏறின பூவைச் சென்னைக்காரங்க டீயில் போட்டுக் குடிக்கணும் என்று எதிர்பார்க்காதீங்க. அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கையில் எடுத்து நசுக்கினால் நொறுங்கணும், அதுதான் பதம். பச்சையில் எத்தனை கிலோ, காய்ந்தால் எத்தனை கிலோ என்று ஒவ்வொரு தடவையும் எடை போட்டு நோட்டில் எழுதுங்க. அந்தக் கணக்கு இல்லாமல் விலை பேசவே முடியாது.

அடுத்தது ரொம்ப முக்கியம். எல்லா மஞ்சள் பூவும் ஆவாரை இல்லை. தூரத்தில் பார்த்து மஞ்சளாக இருக்குன்னு சின்னப் பிள்ளைகள் பறிச்சுக்கிட்டு வந்து கூடையில் போட்டுரும். வீட்டு வாசலில் வைக்கிற மஞ்சள் அரளி கொடிய விஷம், அது கூடையில் ஒண்ணு கூட வரக்கூடாது. முதுமலை, சத்தியமங்கலம் காட்டை அடைச்சுக்கிட்டு வருகிற வெளிநாட்டு மஞ்சள் கொன்றை வேற. பேர் குழப்பமும் இருக்கு. நிலாவரை என்று ஒண்ணு, திருநெல்வேலிச் சீமையில் பயிர் பண்ணித் தூத்துக்குடி வழியாக வெளிநாட்டுக்குப் போவது. அது பேதி மருந்து. பேயாவரை என்று இன்னொண்ணு, மழைக்குப் பிறகு குப்பைமேட்டில் முளைக்கும். இலை பெரிசு, நுனி கூர், கசக்கினால் நாற்றம் அடிக்கும், ஒரு காம்பில் நாலைந்து ஜோடி இலைதான் இருக்கும். உத்தரப் பிரதேசத்து மேற்கு மாவட்டங்களில் வருஷா வருஷம் சின்னக் குழந்தைகள் காய்ச்சல், வாந்தி, மயக்கம் என்று செத்துக்கிட்டே இருந்தாங்க. ஏதோ மூளைக்காய்ச்சல் கிருமி என்றே ரொம்ப நாள் நினைச்சாங்க. கடைசியில் குழந்தைகள் பேயாவரைக் காயைத் தின்றதுதான் காரணம் என்று டாக்டர்கள் கண்டுபிடிச்சு 2007-ல் எழுதினாங்க. ஒடிசாவில் மல்காங்கிரி மாவட்டத்தில் 2016-ல் நடந்த குழந்தைச் சாவுகளிலும் இந்தச் செடியின் பங்கு பேசப்பட்டது.

அப்போ ஆவாரையை எப்படி அடையாளம் காண்பது? இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடத்தைப் பாருங்க. அங்கே ரெண்டு பக்கமும் காது மடல் மாதிரி சின்ன இலை இருக்கும். தோடு போட்டுவிடலாம் போல இருக்கும். விஞ்ஞானிகள் வைத்த லத்தீன் பேருக்கும் 'காது உள்ளது' என்றுதான் அர்த்தம். ஒரு காம்பில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி வரை சின்ன இலைகள், நுனி மழுங்கலாக இருக்கும். காது இருந்தால் கூடையில் போடு, காது இல்லாட்டி விட்டுடு. பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தால் மறக்காது.

இப்போ வயிற்றெரிச்சலான ஒரு விஷயம் சொல்லணும். ஆவாரை பூத்து நிற்கும்போது சாவு ஏது என்று கேட்கிற பழமொழி உங்க எல்லாருக்கும் தெரியும். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று பரம்பரையாகச் சொல்றோம். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்ற மருந்தே இருக்கு. அதில் ஆவாரையோடு கொன்றை, நாவல், மருது, கோரைக்கிழங்கு என்று மொத்தம் ஏழு சரக்கு. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில் சர்க்கரை குறைஞ்சிருக்கு. இதெல்லாம் உண்மை. ஆனால் எலி வேற, நாம வேற. நம் குழுவில் ஒரு அக்கா, ஊர் பேர் வேண்டாம், டீ குடிக்க ஆரம்பிச்சதும் ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திட்டாங்க. உடம்பு லேசாக இருக்கிற மாதிரி இருந்ததாம், சோதனையும் பண்ணிக்கலை. நாலு மாசம் கழிச்சுக் காலில் முள் குத்திய புண் ஆறவில்லை. தருமபுரி போய்ச் சேரும்போது ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்குக் கொல்லு வேலைக்கும் போக முடியலை, குழுக் கடன் தவணையை மகன் கட்டறான். பூவின் மேல் பழி போடாதீங்க. மாத்திரையை நிறுத்தியதுதான் தப்பு. டீ குடிக்கணுமா, குடிங்க. ஆனால் மாத்திரை மாத்திரைதான், சோதனை சோதனைதான். டாக்டரிடம் இதையும் குடிக்கிறேன் என்று சொல்லுங்க, ரெண்டும் சேர்ந்து சர்க்கரை ரொம்ப இறங்கிடவும் கூடாது. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவங்க கேட்காமல் குடிக்கவே கூடாது. கார்பமாசெபின் என்ற வலிப்பு மாத்திரையோடு இந்த டீயைக் கொடுத்து இலங்கை ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் பார்த்தபோது, ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறியிருக்கு. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் தவிர்ப்பது நல்லது. கண்ணில் பூச்சாற்றை விடுகிற வைத்தியம் அறவே வேண்டாம்.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேத்து நீங்க கொண்டு வந்த பாக்கெட்டில் ஒண்ணில் "சர்க்கரை நோயை வேரோடு ஒழிக்கும்" என்று அச்சடிச்சிருந்தது. உங்களில் ரெண்டு பேர், நாமளும் இப்படிப் போட்டால் நல்லா விற்குமே என்றீங்க. விற்கும்தான். ஆனால் 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கு, இன்ன வியாதிகளைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று அதில் பட்டியல் போட்டிருக்கு. சர்க்கரை வியாதி அந்தப் பட்டியலில் உண்டு. மருந்து என்று சொன்னால் மருந்து உரிமம் வேணும். உணவாக விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேணும். நம்ம ஸ்டிக்கரில் இவ்வளவு போதும்: காய்ந்த ஆவாரம்பூ, எடை, காய வைத்த மாதம், எந்தத் தேதிக்குள் பயன்படுத்தணும், குழுவின் பேர், முகவரி, பதிவு எண், விலை. அந்த அக்காவின் விரலை நினைச்சுக்கிட்டு ஸ்டிக்கர் எழுதுங்க.

கணக்கு பார்ப்போமா? இது ஒரு பேச்சுக்கு, உங்க நோட்டில் எழுதிட்டு வந்த நிஜ விலையைப் பிறகு போட்டுப் பாருங்க. வியாபாரி காய்ந்த பூ கிலோவுக்கு 100 ரூபாய் தர்றார் என்று வைங்க. அதே ஒரு கிலோவை 50 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் 20 பாக்கெட். பாக்கெட் 30 ரூபாய் என்றால் 600. கடைக்காரருக்கு மூணில் ஒரு பங்கு, 200 போச்சு, மீதி 400. கவர், ஸ்டிக்கர் பாக்கெட்டுக்கு 3 ரூபாய் வீதம் 60, மீதி 340. பஸ், லக்கேஜ் 40, மீதி 300. நூறு ரூபாய் சரக்கு முன்னூறு ஆச்சு என்று கைதட்டாதீங்க. வியாபாரி அன்னைக்கே காசு கொடுப்பார். கடைக்காரர் விற்ற பிறகுதான் கொடுப்பார், அதுவும் ரெண்டு தடவை நடக்க விட்டுத்தான். விற்காத பாக்கெட் திரும்பி வரும். சுத்தம் பண்ணி பாக்கெட் போடுகிற ரெண்டு பேருக்குக் கூலி போடணும். பூ பறிச்சவங்களுக்கு முதலில் பணம் கொடுத்துட்டுத்தான் மற்றது. அவங்களைக் காத்திருக்க வைத்தால் அடுத்த முறை நேராக வியாபாரியிடம் போயிடுவாங்க, போகணும்தான். அதனால் என் யோசனை, முதல் வருஷம் நாலில் மூணு பங்கு பூவை வியாபாரிக்கே கொடுங்க, ஒரு பங்கை மட்டும் பாக்கெட் போட்டுப் பழகுங்க. பறிக்கிறவங்களுக்குக் கொடுக்க வேண்டிய முன்பணத்துக்குச் சுழல் நிதியிலிருந்து உள்கடனாக எடுக்கலாம், தீர்மான நோட்டில் எழுதி எடுக்கணும்.

இதைத் திருவல்லிக்கேணியில் வைத்துச் சொல்றதுக்கு எனக்குத் தனி சந்தோஷம். இந்த ஊரில் 1904-ல் சில பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, கலப்படம் இல்லாத அரிசி பருப்பை நியாய விலைக்கு வாங்கி விற்கலாம் என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், டி.யு.சி.எஸ். என்பாங்க. நாட்டின் மிகப் பழைய கூட்டுறவுப் பண்டகசாலைகளில் ஒன்று. காமதேனு கடை பார்த்திருப்பீங்களே, அது அவங்களுடையது. நம்மிடமும் ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் சுய உதவிக்குழுத் திட்டம் 1989-ல் முதலில் ஆரம்பிச்சது ஐஃபாட் உதவியோடு நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான்.

இன்னொரு விஷயம், நிலம். ஆவாரை நிற்கிற இடத்துக்கு அரசாங்கக் கணக்கில் பேர் தரிசு. தரிசு என்றால் ஒன்றும் விளையாத இடம் என்று நினைச்சு யார் வேணுமானாலும் கேட்கிறாங்க. ஆடு மேய்க்கிறவங்களும், விறகு பொறுக்கிறவங்களும், பூ பறிக்கிறவங்களும் கணக்கில் இல்லை. ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும் என்பது 2002 சட்டத்தின்படி வந்தது. நம்ம ஊரில் அந்தப் பதிவேடு யார் கையில் இருக்கு, ஆவாரங்கரடு அதில் எழுதியிருக்கா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்க. இல்லாட்டி எழுதச் சொல்லி மனு கொடுங்க. காப்புக்காட்டுக்குள் பறிக்கிறதாக இருந்தால் வனத்துறையிடம் கேட்டுட்டுத்தான் போகணும். அங்கே பிடிபட்டால் கூடையும் போகும், அபராதமும் வரும்.

கிளம்பும்போது ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பொட்டலம் ஆவாரை விதை தர்றோம். விதைத்தோல் கெட்டி, அப்படியே போட்டால் பாதி முளைக்காது. கொதிக்க வைத்து இறக்கின தண்ணியைக் கொஞ்சம் ஆற விட்டு, அதில் விதையைப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க. ஊதினது மட்டும் எடுத்து, புரட்டாசி மழைக்கு முன்னால் வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஊன்றுங்க. ஊதாததை மறுபடி ஊற வைக்கலாம். எத்தனை ஊன்றினீங்க, எத்தனை முளைச்சது என்று ஊக்குநர்கள் தை மாதக் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டு வரணும். வியாபாரிக்குச் சொல்ல வேண்டிய பதிலை இப்போ சாப்பாட்டுக்கு அப்புறம் ஊராட்சி வாரியாக உட்கார்ந்து பேசுங்க, ஒத்துக்காதவங்க பேரையும் சேர்த்து எழுதுங்க.